மெடிக்கல் கவுன்ட்டரில் எது தோது: நோட்டா, கம்ப்யூட்டரா, போனா?

எங்கள் மெடிக்கலில் மூன்றும் ஒரே மேசையில் கிடக்கின்றன: தீர்ந்த மருந்தைக் குறிக்கும் ஷார்ட் நோட்டு, பில் போடும் கம்ப்யூட்டர், முதலாளி அண்ணாச்சியின் மகன் போனில் ஏற்றித் தந்த, ஸ்கேன் பண்ணிக் கணக்கு வைக்கும் ஆப். இருபது வருடமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன், மூன்றோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ராத்திரி எட்டு மணிக் கூட்டத்தில் ஓர் ஆச்சி மாத்திரை அட்டையின் துண்டை நீட்டுவார். "எய்யா, இதே மாதிரி பத்து நாளைக்குக் குடு." பேரும் பேட்ச் நம்பரும் இருந்த பக்கத்தை எப்போதோ வெட்டிக் கொடுத்தாயிற்று. 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு கியூஆர் கோடு கட்டாயம்தான். ஆனால் துண்டில் ஸ்கேன் பண்ண என்ன மிஞ்சும்? ஆப் அங்கேயே படுத்துவிடும். கம்ப்யூட்டரில் ஆச்சி பேரைத் தட்டினால் போன மாத பில் வந்து நிற்கும்: மெட்பார்மின் 500, இருபது மாத்திரை.

வேகத்தில் மட்டும் நோட்டை அடிக்க ஆளில்லை. தீர்ந்த மருந்தை ஒரு கிறுக்கலில் குறித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம்.

எச்1 என்ற அரசுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கான பதிவேடுதான் என்னை மாற்றியது. செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக், டிபி மாத்திரை போன்றவற்றை விற்றால் டாக்டர் பேர், முகவரி, நோயாளி பேர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இந்த விதி. கையால் எழுதிய காலத்தில் கடை அடைத்த பிறகும் உட்கார்ந்திருப்பேன். இப்போது கம்ப்யூட்டரில் பில்லோடு பதிவாகிவிடுகிறது. எக்ஸ்பயரி நெருங்கும் சரக்கையும் அதுவே காட்டுவதால் மொத்தமாகச் சரக்கு தரும் ஸ்டாக்கிஸ்டுக்கு நேரத்தோடு திருப்பி அனுப்ப முடிகிறது. அண்ணாச்சி கம்ப்யூட்டருக்குக் காசு போட்டதே இந்த ஒன்றுக்காகத்தான்.

பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989-ல் சொன்னார்: ஒரு கருவி உதவும் என்றும், சுலபமாக இருக்கும் என்றும் தோன்றினால்தான் ஆட்கள் ஏற்பார்கள். சரிதான். ஆனால் எதிரே ஆள் காத்து நிற்கும்போது அந்தச் சுலபத்துக்கு அரை நிமிடம்தான் அவகாசம். மூத்த பார்மசிஸ்டுகள் கம்ப்யூட்டருக்குப் பயப்படுகிறார்கள் என்பதை நான் நம்பவில்லை. கூட்ட நேரத்தில் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டம்தான் அவர்களுக்கு ஆகாது.

ஆப்புக்கும் ஒரு நாள் வந்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது கடையில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் கையால் பில் எழுதினேன். தரையில் இருந்த சிபியு போச்சு. டவர் வந்த பிறகு பார்த்தால், பழைய கணக்கு ஆப்பில்தான் பத்திரமாக இருந்தது.

புது சிபியு இப்போது மேல் ராக்கில், இருமல் டானிக் பக்கத்தில் இருக்கிறது. ஷார்ட் நோட்டு அதன் தலைமேல்.