வில்லங்கச் சான்று இணையச் சேவை: முதலீட்டாளர் பார்வையில் ஒரு மதிப்பீடு

வாடகை வருமானத்துக்காக வீடு வாங்குபவர்களில் பலர் முதலில் விலையைப் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு, வங்கி கேட்கும்போதுதான் வில்லங்கச் சான்றை, அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலானவற்றைக் காட்டும் சான்றை, தேடுகிறார்கள். தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தைத் தொடர்ந்து பயன்படுத்துபவன் என்ற முறையில், இந்த வரிசையை மாற்றி, விலை பேசும் முன்பே சான்றைப் படித்துவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் (சர்வே எண்), உட்பிரிவு எண், காலவரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால், அந்தச் சொத்தின் மீது பதிவான ஆவணங்களை இலவசமாகப் பார்வையிடலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரங்கள் கிடைக்கின்றன. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை (ஆவணத்தில் காட்டிய விலை), முந்தைய ஆவண எண் ஆகியவை ஒவ்வொரு பதிவிலும் இருப்பதால், சொத்து கை மாறி வந்த வழியை ஒரே அமர்வில் பின்தொடர முடிகிறது.

கூடுவாஞ்சேரி அருகே 40 லட்சம் ரூபாய் சொன்ன ஒரு தனி வீட்டுக்கு இப்படித் தேடினேன். விற்பவர் கொடுத்த புதிய உட்பிரிவு எண்ணில் அவருடைய கிரய ஆவணம் ஒன்று மட்டுமே வந்தது. உட்பிரிவு செய்யப்படுவதற்கு முந்தைய எண்ணைக் கொடுத்துத் தேடியபோதோ, ஒரு வங்கிக்கு எழுதிக் கொடுத்த ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ (கடனுக்கு ஈடாக அசல் பத்திரங்களை வங்கியிடம் வைக்கும் அடமானம்) பதிவாகியிருந்தது. அதை நீக்கும் இரசீது ஆவணம் எங்குமே இல்லை. கடனை அடைத்துவிட்டதாக அவர் சொன்னது உண்மைதான் என்றாலும், இரசீதைப் பதிவு செய்ய மறந்திருந்தார். அது பதிவான பிறகே முன்பணம் என்று பேசி முடித்தோம். பழைய எண்ணில் தேடாமல் விட்டிருந்தால், வங்கி வழக்கறிஞர் சட்டக் கருத்துரைக்காகப் பார்க்கும்போதுதான் இது வெளிவந்திருக்கும். அதற்குள் என் பணம் விற்பவர் கையில் இருந்திருக்கும்.

இச்சேவையின் எல்லைகளையும் அறிந்திருப்பது அவசியம். பதிவு செய்யப்படாத உயில், வாரிசுகளின் பங்கு, வாய்மொழியாகச் செய்துகொண்ட குடும்ப ஏற்பாடு ஆகியவை இதில் தெரியா. கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய அலுவலகத்தின் பெயரிலும் தேட வேண்டியிருக்கும். ஆகவே பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), அ-பதிவேடு (புல எண் வாரியான நில விவரப் பதிவேடு) ஆகியவற்றை வருவாய்த் துறையின் தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

கடனுக்குத் திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் தர முடியாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேரா. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு இவை முறையே 7, 2 விழுக்காடு. ஆக, 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு முழு 32 லட்சமும் கடனாகக் கிடைத்தாலும், மீதி 8 லட்சத்துடன் ஏறக்குறைய 3.60 லட்சத்தையும் கையிலிருந்து போட வேண்டும். 8 லட்சத்தை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குபவர்கள், கடைசி வாரத்தில் அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்குவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

விற்பவரின் கடன் 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு அடைக்கப்பட்டிருந்தால், 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, சொத்தின் மீது பதிவான அடமானப் பொறுப்புகளையும் நீக்குவது வங்கியின் கடமை. வங்கியால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. இரசீது இல்லாத பதிவைக் கண்டால் இந்த விதியை விற்பவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பார்வையிடும் பிரதி உங்கள் முடிவுக்குப் போதும். வங்கிக்குக் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட பிரதியை வாங்கிக் கொடுங்கள். கிரயம் முடிந்த சில நாட்களில் மீண்டும் ஒருமுறை தேடி, உங்கள் பெயரும் புல எண்ணும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.