திருகோணமலையில மலேரியா ரத்தப் பரிசோதனை, நல்ல சேவை

மச்சான் உகண்டாவில வேலை செஞ்சிட்டு லீவுக்கு வந்தவர், வந்த கொஞ்ச நாளில நடுங்கிற காய்ச்சல், வீட்டில எல்லாரும் டெங்கு எண்டு முடிவே கட்டிட்டினம், டவுன்ல ஒரு பிரைவேட் லாபிலயும் டெங்குக்கு மட்டும் பாத்து அனுப்பிட்டினம், எந்த நாட்டால வந்தனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

பிறகு இங்க அரசாங்கத்தின்ர மலேரியா தடை இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். முதல் கேள்வியே அதுதான்! விரலில குத்தி, கண்ணாடியில தடிப்பா ஒரு துளி, மெல்லிசா ஒரு பூச்சு. தடிச்சதில கிருமி இருக்கோ எண்டு தேடுறது, மெல்லிசில அது என்ன இனம் எண்டு பாக்கிறதாம், பால்சிபாரம் எண்ட ஆபத்தான இனம் எண்டா சுணங்கவே கூடாது. ஜீம்சா சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில பாக்கினம். ரெபிட் டெஸ்டும் இருக்கு, ஆனா கிருமி குறைவா இருந்தா அதில தப்பிடலாம். காசு ஒண்டும் இல்ல.

இல்லையெண்டுதான் வந்தது, எண்டாலும் காய்ச்சல் நிக்காட்டி திரும்ப வரச்சொன்னவை, ஒரு ஸ்லைடை நம்பி விடேலாதாம்.

2016இல இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் கிடைச்சது சரி, நுளம்பு எங்கயும் போகேல்லையே. 1963இல 17 பேருக்குத்தான் எண்டு அசட்டையா விட்டுத்தானே அந்தப் பத்தாண்டு முடியமுதல் லட்சக்கணக்கில திரும்பி அடிச்சது.

ஆபிரிக்கா போறவை முதலே போய்க் கேளுங்கோ, தடுப்புக் குளிசையும் சும்மாதான் குடுக்கினம்.