தட்டான், நிலா வட்டம், கர்ப்போட்டம்: எதை எந்த அளவுக்கு நம்பலாம்?

களத்தில் நெல் காயும்போது தேவைப்படும் மழைக்குறி வேறு. எந்தப் பட்டத்தில் விதைப்பது என்று முடிவெடுக்கத் தேவைப்படும் குறி வேறு. மழைக்குறிகளில் எது மேல் என்று கேட்பவர்கள் இதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அன்றன்றைக்கு உதவுபவை தட்டானும் எறும்பும். தட்டான் துரத்தும் சிறு பூச்சிகள் கீழே இறங்கினால் அதுவும் தாழப் பறக்கும். காற்றில் ஈரம் ஏறியதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவே. முட்டையைச் சுமந்துகொண்டு எறும்பு மேடேறுவதை இன்னும் குறைவாகவே நம்புவேன். புற்றைக் கலைத்தாலும் அது குடிபெயரும். ஈசலோ பெரும்பாலும் மண் நனைந்த பிறகே கிளம்புகிறது. பெய்த மழைக்கு ரசீது கொடுப்பதை முன்னறிவிப்பு என்று எப்படிச் சொல்வது? சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள் கைபேசியிலேயே கிடைக்கும் இன்று, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு இவை எதுவும் அதற்கு ஈடில்லை.

எனக்குப் பிடித்த குறி நிலா வட்டம்தான். அகல்வட்டம் கிட்ட மழை, குறுவட்டம் எட்ட மழை என்பார்கள். அகல்வட்டம் உயரத்தில் பரவிய மெல்லிய மேகத்தின் பனித்துகள்களால் உண்டாவது. நிலவிலிருந்து ஏறத்தாழ 22 பாகை தள்ளி நிற்கும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போது இத்தகைய மேகம் மழைக்கு முன்னரே வெகுதூரம் படர்ந்துவிடுகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் அகல்வட்டத்தைக் கண்டால் ஓலையையும் தார்ப்பாயையும் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். சித்திரையில் அதே வட்டத்துக்கு அந்த மதிப்பில்லை. நிலவை ஒட்டிய குறுவட்டம் மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகளால் வருவது; அதை வைத்து மழை எட்ட இருப்பதாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மின்னலுக்கு ஊர்க்கணக்கு உண்டு. ஐப்பசியில் ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு, மின்னினால் டெல்டாக்காரர் நிமிர்ந்து உட்காரலாம், மழை கடலிலிருந்து வருவதால். கோடை இடிமழைக்கு மேற்கு மலையைப் பார்க்கும் ஊர்களில் அந்த மூலையைப் பார்த்துப் பயனில்லை.

கர்ப்போட்டம்தான் பெரிய வாக்குறுதி தருகிறது. மார்கழி நடுவில் தொடங்கும் சுமார் 14 நாள் மேக ஓட்டத்தைக் குறித்துவைத்து, வரும் ஆண்டின் மழையைச் சொல்கிறார்கள். மேகத்தின் கரு 195 நாளில் மழையாகப் பிறக்கும் என்பது பழங்கால வானியலாளர் வராகமிகிரர் கணக்கு. மார்கழியின் பின்பாதியோடு அதைக் கூட்டினால் ஆனிக் கடைசியும் ஆடி முதலும் வருகின்றன. தென்காசிக்கு அது சாரல் காலம், பொருந்தலாம். காவிரி பிறக்கும் குடகில் பெய்து மேட்டூர் நிரம்புவதும் அப்போதுதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது குடகு வானம், தஞ்சாவூர் வானம் அல்ல. தஞ்சாவூரில் சம்பாவுக்கு வேண்டியது ஐப்பசி மழை.