மோனோவா, கேடமரனா, ரிக்கரா? மின்சார ரேஸ் படகு கட்டுமுன் ஓர் ஒப்பீடு

ரிமோட்டில் ஓடும் ரேஸ் படகு கட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி "என்ன மோட்டார்?" என்றுதான் வரும். என்னைக் கேட்டால் அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. எந்தத் தண்ணீரில் ஓடப் போகிறது, என்ன ஹல் (படகின் உடல்), எத்தனை பேட்டரி செல், எந்த ப்ராப் (படகைத் தள்ளும் விசிறி) என்று முடிவு செய்துவிட்டால் மோட்டார் தானாகவே இரண்டு மூன்று மாடல்களுக்குள் வந்து நிற்கும். மோட்டாரிலிருந்து தொடங்குகிறவர்கள் அதற்கு ஒரு ப்ராப் தேடி, அந்த ப்ராப் இழுக்கும் ஆம்பியருக்கு ஒரு ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) தேடி, கடைசியில் சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

சூடு படகில் இத்தனை பெரிய விஷயமாவதற்குக் காரணம் உண்டு. ரிமோட் கார் வேகம் பிடித்தபின் சுமை குறையும், த்ராட்டிலை விட்டால் உருண்டு போகும், அந்த இடைவெளியில் மோட்டாரும் ஈஎஸ்சியும் மூச்சு வாங்கிக்கொள்ளும். படகுக்கு அந்த ஓய்வே கிடையாது. த்ராட்டிலை விட்டால் தண்ணீர் உடனே பிடித்து நிறுத்திவிடும், அழுத்தினால் முழுச் சுமை. அதனால் கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரே வேகத்துக்கு எது குறைவான ஆம்பியர் கேட்கிறது?

ஹல்: இங்கேதான் பாதி வேலை முடிகிறது

டீப்-வீ மோனோ என்பது ஒற்றை ஹல். அடிப்பாகம் கத்திபோல் சரிந்திருக்கும், சரிவு பொதுவாக 20 முதல் 24 டிகிரி. இதன் பெருமை நிஜப் படகுகளிலிருந்து வந்தது. 1960இல் மயாமி–நாசாவ் கடல் பந்தயத்தில் ரே ஹன்ட் வடிவமைத்த டீப்-வீ படகான 'மாப்பி' கொந்தளிப்பான கடலில் வென்ற பிறகுதான் உலகம் அந்த வடிவத்தைத் திரும்பிப் பார்த்தது. மாடல் படகிலும் கதை அதேதான். காற்றடித்துச் சிற்றலை எழும்பும் குளத்தில் மோனோ அலையைக் கிழித்துக்கொண்டு போகும். இடம் வலம் இரண்டு பக்கமும் திரும்பும். கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ள, ஒரு பக்கமாகத் தண்ணீர் நிரம்பும் அறை வைத்த ஹல்களும் கிடைக்கின்றன. மீட்கப் போகப் படகு இல்லாத இடத்தில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

இதற்கான விலை ஆம்பியர். ஹல்லின் பின்பகுதி எப்போதும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் இழுவை அதிகம். இன்னொரு தொல்லை, ப்ராப் ஒரு பக்கம் சுற்றும்போது ஒடுக்கமான ஹல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். பேட்டரியை நடுக்கோட்டிலிருந்து சற்று விலக்கி வைத்தும், பின்முனையிலுள்ள ட்ரிம் டேப் என்ற சிறு தகட்டைக் கொஞ்சம் வளைத்தும் இதைச் சரிக்கட்டுவார்கள்.

கேடமரனில் இரண்டு ஒல்லியான ஹல், நடுவில் சுரங்கம். வேகம் ஏற ஏற அந்தச் சுரங்கத்துக்குள் புகும் காற்று படகைத் தூக்கிப் பிடிக்கும், தண்ணீரில் படும் பரப்பு குறையும், அதே மோட்டாருக்கு ஆம்பியரும் இறங்கும். அகலமாக இருப்பதால் ப்ராப்பின் முறுக்கல் தொல்லையும் சொற்பம். தட்டையான தண்ணீரில் நேர்க்கோட்டில் ஓட்டினால் இதன் நிதானமே தனி.

ஆனால் தூக்கிப் பிடிக்கும் அதே காற்றுதான் புரட்டியும் போடும். எதிர்க்காற்று ஒன்று மூக்குக்கு அடியில் நுழைந்தால் போதும், படகு பின்பக்கமாக மல்லாந்துவிடும். இது மாடல்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1967 ஜனவரி 4ஆம் தேதி இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் வேக சாதனையாளர் டொனால்ட் கேம்ப்பெல்லின் படகான புளூபேர்ட் கே7, மணிக்கு 480 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் மூக்கு மேலெழும்பிப் பின்புறமாகப் புரண்டது. அது கேடமரன் இல்லை, மூன்று புள்ளி ஹைட்ரோபிளேன், அதாவது வேகத்தில் தண்ணீரை மூன்று இடத்தில் மட்டும் தொட்டு ஓடும் படகு. ஆனால் ஹல்லுக்கு அடியில் புகும் காற்று வடிவம் பார்த்துத் தூக்குவதில்லை.

மோனோவுக்கும் கேடமரனுக்கும் எடையின் மையம் பின்முனையிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 30 சதவீதத்தில் இருப்பது நல்ல தொடக்கம். மல்லாந்துகொண்டே இருந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். மூக்கு தண்ணீரிலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் பின்னே இழுங்கள். இதற்கு வசதியாக பேட்டரித் தட்டை நீளமாகவே கட்டிவிடுவது உத்தமம்.

அடுத்தது ஹைட்ரோபிளேனும் அதன் முரட்டுத் தம்பியான ரிக்கரும். ஓட்டத்தில் தண்ணீரைத் தொடுவது இரண்டு ஸ்பான்சன்களின் (பக்க மிதவைகளின்) நுனியும் ப்ராப்பும்தான். அதோடு சுக்கானும், திரும்பும்போது வழுக்காமல் பிடிக்கும் தகடான டர்ன் ஃபினும் நனையும், அவ்வளவே. ப்ராப் பாதி வெளியே, பாதி உள்ளே சுற்றிக்கொண்டு படகின் பின்பக்கத்தையே தாங்கும். இந்த உத்தியை நிஜ அளவில் நிரூபித்தது 1950இல் வாஷிங்டன் ஏரியில் ஓடிய 'ஸ்லோ-மோ-ஷன் 4'. மணிக்கு சுமார் 258 கிலோமீட்டர், அன்றைய உலக சாதனை. ரிக்கரில் ஸ்பான்சன்கள் உடலை விட்டு விலகி, கம்பிகளில் தொங்கும். நனையும் பரப்பில் இதோடு போட்டியிட வேறு ஹல் கிடையாது. ஒரே பவருக்கு மோனோவைவிட ரிக்கர் வேகமாகப் போவதில் சந்தேகமே வேண்டாம்.

அதற்காக முதல் படகாக ரிக்கரைக் கட்டச் சொல்வேனா என்றால், மாட்டேன். டர்ன் ஃபின் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் வேகத்தில் அந்தப் பக்கம்தான் திருப்ப முடியும். வலச்சுற்றாக ஓடும் ஓவல் போட்டிகளுக்காக அதை வலப்புறம் வைப்பார்கள். பல ரிக்கர்களைக் கையில் பிடித்து த்ராட்டில் கொடுத்துத்தான் தண்ணீரில் விட வேண்டியிருக்கும். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி மேலெழும்புவது நிச்சயமில்லை. சிற்றலை வந்தால் துள்ளித் துள்ளிப் போய் எங்காவது குத்திக்கொள்ளும். கண்ணாடி போன்ற தண்ணீர் தினமும் கிடைக்கிறது, இரண்டாவது படகும் கையில் இருக்கிறது என்றால் ரிக்கர். இல்லாவிட்டால் அலையுள்ள நீருக்கு மோனோ, அமைதியான நீருக்கு கேடமரன்.

4எஸ் எதிர் 6எஸ்

நாலு செல் (4எஸ்) லிப்போ பேட்டரி 14.8 வோல்ட், ஆறு செல் (6எஸ்) 22.2 வோல்ட். "6எஸ் போட்டால் வேகம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது.

4எஸ் 5000 எம்ஏஎச் பேட்டரியில் 74 வாட்-மணி ஆற்றல். 6எஸ் 3300 எம்ஏஎச்சில் 73. எடையும் ஏறக்குறைய ஒன்று. இரண்டிலிருந்தும் 2000 வாட் எடுத்தால் முதலாவது 135 ஆம்பியர் தள்ள வேண்டும், இரண்டாவது 90. பேட்டரியின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் இரண்டும் 27சி, அதாவது கொள்ளளவைப்போல் 27 மடங்கு. ஆக, செல்களுக்கு விழும் அடி ஒன்றேதான். மோட்டாரும் அப்படியே: 4எஸ்ஸுக்கு 2100 கேவி (ஒரு வோல்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று), 6எஸ்ஸுக்கு 1400 கேவி எடுத்தால் இரண்டும் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 31,080 சுற்று. வேகத்திலும் வித்தியாசம் வராது.

அப்படியானால் லாபம் எங்கே? ஒயர், கனெக்டர், ஈஎஸ்சி. இங்கெல்லாம் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். 90க்குப் பதில் 135 ஓடினால் அதே ஒயரில் 2.25 மடங்கு வெப்பம். படகுக்குள் மூடிய பெட்டியில் ஈஎஸ்சி எரிவதைப் பார்த்தவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே 6எஸ் பக்கம் சாய்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். எதிர்ப்பக்க வாதமும் உண்டு: அதிக வோல்டேஜ் தாங்கும் ஈஎஸ்சி விலை கூடுதல், கவனிக்க வேண்டிய செல் கூடுதல். போட்டிக்கு என்றால் வகுப்புகளே செல் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கப்படுவதால் உங்கள் விருப்பத்துக்கு அங்கே இடம் குறைவு.

எதை எடுத்தாலும், பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் இடையிலான ஒயரை நீட்டாதீர்கள். நீளம் கூடினால் வோல்டேஜ் துள்ளி ஈஎஸ்சியின் கெப்பாசிட்டரை அடித்துவிடும். நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மோட்டார் பக்க ஒயரை நீட்டலாம். அப்புறம், முழு த்ராட்டிலில் 2000 வாட் என்றால், 20 சதவீதம் மிச்சம் வைத்து ஓட்டினால் இரண்டு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது. ஓட்டம் சுருக்கமாகத்தான் இருக்கும்.

ப்ராப்: சின்னத் துண்டு, பெரிய செலவு

கேவியைக் கூட்டுவதா, ப்ராப்பைப் பெரிதாக்குவதா என்பது ஓயாத விவாதம். இரண்டுமே ஆபத்தானவை, ப்ராப் இன்னும் ஆபத்தானது. ப்ராப் இழுக்கும் பவர் சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கிலும், விட்டத்தின் ஐந்தாம் அடுக்கிலும் ஏறும். பாதி நீருக்கு வெளியே சுற்றும் ப்ராப்புக்கு இது தோராயக் கணக்குதான் என்றாலும் போக்கு மாறாது. சுற்றை 10 சதவீதம் கூட்டினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பவர். 40 மி.மீ. ப்ராப்பைக் கழற்றி 42 போட்டால், சுற்று அதேதான் என்று வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய 28 சதவீதம் கூடுதல். வெறும் இரண்டு மில்லிமீட்டருக்கு!

ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்440 ப்ராப்பை வைத்து வேகத்தைக் கணிக்கலாம். பெயரிலேயே விவரம் இருக்கிறது: பிட்ச் விட்டத்தைப்போல் 1.4 மடங்கு, விட்டம் 40 மி.மீ. ஒரு சுற்றுக்கு 56 மி.மீ. முன்னேற வேண்டும். 30,000 சுற்றில் கணக்குப்படி மணிக்கு 100 கிலோமீட்டர். வழுக்கல் போக 80, 85 வந்தாலே திருப்திப்படுங்கள்.

பிளாஸ்டிக் ப்ராப் மலிவு, ஆனால் அதிகச் சுற்றில் இதழ் வளைந்துகொடுக்கும். வளைந்தால் பிட்ச் மாறும், கணக்கெல்லாம் காற்றோடு போகும். உலோக ப்ராப் வளையாது. ஆனால் பெரும்பாலும் வார்த்த நிலையிலேயே வரும், கூர்தீட்டிச் சமன் செய்வது உங்கள் பொறுப்பு. சமன் செய்யாத ப்ராப், தண்டைப் பின்னால் தாங்கும் ஸ்ட்ரட்டின் புஷ்ஷையும் மோட்டார் பேரிங்கையும் தின்றுவிடும். சமன் செய்யப் பொறுமையில்லாதவர் பிளாஸ்டிக்கோடு நின்று வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. இரண்டு இதழா மூன்றா என்ற கேள்விக்கு: நேர்க்கோட்டு வேகத்துக்கு இரண்டு, நின்ற இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு கிளம்ப மூன்று. மூன்று இதழ் கூடுதலாக இழுக்கும் என்பதை மறக்காமல் விட்டத்தைக் குறைத்து வாங்குங்கள்.

ஷாஃப்ட்

மோட்டாரின் சுழற்சியை ப்ராப்புக்குக் கொண்டுபோகும் தண்டு இது. ஃப்ளெக்ஸ் ஷாஃப்டுக்கும் ஒயர் டிரைவுக்கும் இடையில் தேர்வு எளிது. ஒயர் டிரைவ் என்பது மெல்லிய எஃகுக் கம்பி, 2 மி.மீ. அளவில். உராய்வு குறைவு, சின்னப் படகுக்கு அருமை. முறுக்கு விசை கூடினால் களைத்துப்போய் ஒருநாள் சட்டென்று உடையும். பின்னல் கம்பியான ஃப்ளெக்ஸ் 4.76 மி.மீ., 6.35 மி.மீ. தடிமன்களில் வருகிறது. வளைவையும் தாங்கும், முறுக்கையும் தாங்கும். ஆனால் கிரீஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டம் முடிந்ததும் உருவி, துடைத்து, மறுபடி பூச வேண்டும். சுமையில் ஃப்ளெக்ஸ் சுருங்கும் என்பதால் ஸ்ட்ரட்டுக்கும், ப்ராப்பைத் தண்டோடு பூட்டும் டிரைவ் டாகுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் இரண்டும் உரசிக்கொண்டு ஆம்பியர் ஏறும், நீங்கள் பாவம் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். 2000 வாட் படகுக்கு ஃப்ளெக்ஸ்தான்.

சரி, மோட்டார்

இப்போது சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவுட்ரன்னரில் வெளிக்கூடே சுற்றுவதால் அதன்மேல் குளிர்விக்கும் தண்ணீர் ஜாக்கெட் மாட்ட முடியாது. உள்ளே மட்டும் சுற்றும் இன்ரன்னரில் முடியும். சிறிய ப்ராப்பை 30,000 சுற்றில் ஓட்டவும் இன்ரன்னரே பொருத்தம். நான்கு துருவ இன்ரன்னர், 36 மி.மீ. விட்டமும் 74 மி.மீ. நீளமும் கொண்ட 3674 அளவு, அல்லது அதைவிடத் தடித்த 4074. சந்தேகம் வந்தால் தடித்ததை எடுங்கள். எடை கூடினாலும் அதே பவருக்குக் குறைவாகத்தான் சுடும். குளிரூட்டும் நீரை ஈஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் தனித்தனிக் குழாயில் கொடுத்தால், மோட்டாரில் சூடேறிய தண்ணீர் ஈஎஸ்சிக்குப் போகாது.

எதில் கட்டுவது

ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஹல் வேகத்தில் நெளியும், பழகுவதற்கு மட்டும் சரி. ரிக்கருக்கு மெல்லிய பிளைவுட்டில் எபாக்ஸி பூசிக் கட்டுவது இன்றும் நல்ல வழி, உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். மற்றதற்கு ஃபைபர்கிளாஸ். எதுவானாலும் அடிப்பாகத்தின் பின்பகுதியில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பின்விளிம்பு கீழே வளைந்திருந்தால் மூக்கு அழுந்தும், மேலே வளைந்திருந்தால் படகு தவளைபோல் குதிக்கும். முழு கார்பன் ஹல் விறைப்பில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை மறைத்துவிடும். ஆன்டெனா நுனியைக் குழாய் வைத்து மேல்தளத்துக்கு வெளியே கொண்டுவர வேண்டும். உள்ளே காலியிடமெல்லாம் ஃபோம் அடைக்க வேண்டும். கார்பனும் சரி, ஃபைபர்கிளாஸும் சரி, தண்ணீர் புகுந்தால் மிதக்காது.

முதல் ஓட்டத்துக்கு, கணக்கில் வந்த ப்ராப்பைவிட ஒரு அளவு சிறியதைப் போட்டு 30 விநாடி ஓட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். மோட்டார், ஈஎஸ்சி, பேட்டரி, கனெக்டர் என்று ஒவ்வொன்றாக வெப்பம் பாருங்கள். பேட்டரி 60 டிகிரியை நெருங்கினாலோ, மோட்டார் 80ஐ நெருங்கினாலோ இன்னும் சிறிய ப்ராப்புக்கு இறங்குங்கள். எல்லாம் கை வைத்துப் பிடித்திருக்கும் சூட்டில் இருந்தால் ஒரு நிமிடம் ஓட்டி மறுபடி பார்த்துவிட்டு, அப்புறம் பெரிய ப்ராப்பை மாட்டுங்கள்.