உள்ளங்காலில் எண்ணெய்: ஆயுர்வேத தினசரிப் பழக்கத்தோடு இரண்டு வருஷம்

2023 ஆகஸ்டில் இதைத் தொடங்கினேன். அப்போது எனக்கு 47 வயசு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்தத் தை மாசம்தான் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோயின. மகன் சென்னையில் படிக்கிறான். வீட்டுக்காரர் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகும். இதற்கிடையில் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தது. ராத்திரி மூன்று மணிக்குக் கழுத்துச் சங்கிலிக்கு அடியில் வேர்வை கசகசக்க எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது. மறுநாள் யார் எதைக் கேட்டாலும் எரிச்சல்.

ஒருநாள் வகுப்பில் ஒரு பிள்ளையை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். 21 வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை. அடிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு கண்ணை மூடியது இன்னும் எனக்குள் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே டாக்டரிடம் போனேன்.

மகப்பேறு டாக்டர் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார். எனக்கு நாலு வருஷமாகத் தைராய்டு குறைவு, தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தில் வருகிற தொந்தரவுதான் என்றார். 45-லிருந்து 55-க்குள் பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும், அதற்குச் சில வருஷம் முன்னாலேயே இதெல்லாம் தொடங்கும் என்று பொறுமையாக விளக்கினார். அதற்கப்புறம்தான் தென்காசியில் ஒரு ஆயுர்வேத டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். இந்த வரிசை முக்கியம் என்பதால் சொல்கிறேன். முதலில் பரிசோதனை, அப்புறம் எண்ணெய்.

“1964-ல இருந்து நம்ம ஊர்ல சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, நீ எதுக்கு தென்காசிக்கு அலையுதே?” என்று மதினி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் அங்கே போய்க் குணம் கண்டதால் நானும் போனேன், வேறு காரணமில்லை. அந்த அம்மா சொன்னதில் பாதி எங்கள் ஆச்சி சொல்லாமலே செய்ததுதான். ஆச்சி செவ்வாயும் வெள்ளியும் தலையில் எண்ணெய் வழிய, குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போய் முங்கிவிட்டு வருவாள். சிறுபிள்ளையில் நானும் கூடப் போயிருக்கிறேன். வேலைக்கு வந்த பிறகு தீபாவளிக்கு ஒருநாள் எண்ணெய் தேய்ப்பதோடு சரி.

டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டியல் நீளம். விடிகாலை எழுவது, நாக்கு வழிப்பது, வெந்நீர், வாயில் எண்ணெய் கொப்பளிப்பது, மூக்கில் இரண்டு சொட்டுத் தைலம், உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, மதியம் வயிறாரச் சாப்பிட்டு ராத்திரி இருட்டியதும் கொஞ்சமாக முடித்துக்கொள்வது, பத்து மணிக்குள் படுப்பது. ஆயுர்வேதத்தின் பழைய நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில் தினசரி ஒழுக்கத்துக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. தினமும் எண்ணெய் தேய்க்க வேண்டும், குறிப்பாகத் தலை, காது, பாதம் என்று அதில் வருகிறது. அந்த மூன்றையும் அவர் பேனாவால் அடிக்கோடிட்டுக் கொடுத்தார்.

முதல் மாதம் எல்லாவற்றையும் செய்யப் பார்த்தேன். நாலு மணிக்கு எழுந்து எண்ணெய் தேய்த்து, அது ஊற அரைமணி நேரம், குளியல், சமையல், அத்தைக்குத் துடைத்துவிட்டு எட்டரைக்குப் பள்ளி. பத்தே நாளில் முன்னைவிட அசந்துபோனேன். திரும்பப் போய்ச் சொன்னதும் டாக்டர் அம்மா பேப்பரை வாங்கிப் பாதியை அடித்துவிட்டார். “முழு உடம்புக்கு வாரம் ரெண்டு நாள் போதும். பாதத்துக்கு மட்டும் தினமும் ராத்திரி.” இது அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டிய யோசனை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

மூக்குத் தைலம் எனக்கு ஒத்துவரவில்லை. சைனஸ் உள்ளவள். எண்ணெய் கொப்பளிப்பதை ஆறு மாதத்தில் விட்டேன். வாய் சுத்தமாக இருந்தது உண்மை, மன அழுத்தத்துக்கு அதனால் ஒன்றும் தெரியவில்லை. நாக்கு வழிப்பது இன்றைக்கும் தொடர்கிறது.

பாத எண்ணெயைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். செக்கு நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன், சின்ன வெண்கலக் கிண்ணியில். அடுப்பில் நேராக வைப்பதில்லை, வெந்நீர்ச் சட்டிக்குள் கிண்ணியை வைத்தால் பதமாகச் சூடேறும். முதலில் அத்தையின் காலுக்கு, அப்புறம் என் காலுக்கு. பெருவிரலிலிருந்து குதிகால் வரை கட்டைவிரலால் அழுத்தி இழுக்க வேண்டும். கணுக்காலைச் சுற்றி வட்டமாக. பத்து நிமிஷம். பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் தரையில் கால் வைக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒருநாள் அப்படியே எழுந்து நடந்து வழுக்கிச் சுவரைப் பிடித்தேன். இந்த வயசில் இடுப்பு எலும்பு போனால் அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு நாள், பேப்பர் திருத்தி முடிக்கவே பத்தரை ஆகிவிட்டது. அத்தைக்குத் தேய்த்துவிட்டு, எனக்கு வேண்டாம் என்று கிண்ணியை எடுத்தேன். அத்தை நல்ல கையால் என் சேலையைப் பிடித்தார்கள். “ஏளா, காலக் கொண்டா.” மாமியார் மடியில் காலை நீட்டுவதா என்று நான் நகர, “சொல்லுதேம்லா, கொண்டாங்கேன்” என்று அதட்டினார்கள். ஒற்றைக் கையால், விரல்கள் கொஞ்சம் நடுங்க, என் குதிகால் வெடிப்பைத் தடவித் தடவித் தேய்த்தார்கள். கல்யாணமாகி 24 வருஷத்தில் எங்களுக்குள் எவ்வளவோ சண்டை. அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. விடியும்வரை அசையாமல் தூங்கினேன். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அத்தைதான் தேய்த்துவிடுகிறார்கள். ஒன்பதரைக்கு அந்த அறைக்குள் போய்விட்டால் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவரும் சட்டி கழுவுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். எண்ணெயின் குணம் எவ்வளவு, அந்த அரைமணி நேரத்தின் குணம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வீடு அந்த நேரத்தை விட்டுக் கொடுக்காவிட்டால், எவ்வளவு விலையுள்ள தைலம் வாங்கினாலும் பயனில்லை என்பது மட்டும் உறுதி.

தினசரிக் காலண்டரில் ராத்திரி விழித்த நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தேன். தொடங்கிய மாதம் 22 புள்ளி. நாலாம் மாதம் 13. ஒரு வருஷத்தில் ஏழு, எட்டு. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் மறுபடி ஏறும். உடல் சூடேறி வேர்ப்பது நிற்கவில்லை. வந்தாலும், துடைத்துவிட்டுத் திரும்பத் தூங்க முடிகிறது. எனக்கு அது பெரிய மாற்றம்.

சித்திரை வெயிலில் மட்டும் நல்லெண்ணெய் எனக்கு ஆகவில்லை. உள்ளங்கால் தணலாக எரிந்தது. நல்லெண்ணெய் சூடு, தேங்காயெண்ணெய் குளிர்ச்சி, கோடையில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மதியத் தூக்கமும் ஆயுர்வேதத்தில் கோடைக்கு மட்டும்தான் அனுமதி. மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிநேரம் தூங்குவதை நிறுத்தியதும் ராத்திரித் தூக்கம் கூடியது. சாயங்காலக் காப்பியை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு, உடன்குடிக் கருப்பட்டி சேர்த்துக் குடித்துப் பழகினேன். இப்போது பள்ளியிலேயே நாலு டீச்சர்கள் அதைத்தான் குடிக்கிறோம்.

இனி நடந்த ஒரு தவறு. 2024-இல், எண்ணெய் வாங்கப் போன ஒரு கடையில் “மனசு அமைதிக்கு” என்று அமுக்கராச் (அஸ்வகந்தா) சூரணம் கொடுத்தார்கள். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் டாக்டரிடம் கேட்காமல் ராத்திரி பாலில் கலந்து குடித்தேன். ஆறு வாரத்தில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு. பரிசோதித்தால் டி.எஸ்.ஹெச் மிகவும் கீழே போயிருந்தது, அதாவது உடம்பில் தைராய்டு தேவைக்கு மேல் கூடிவிட்டது. அமுக்கரா சிலருக்குத் தைராய்டுச் சுரப்பைக் கூட்டிவிடும், மாத்திரையோடு சேர்ந்தால் இப்படி ஆகலாம் என்று சூரணத்தை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் சரியானது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்க மாத்திரை எது எடுத்தாலும் சூரணத்தைத் தொடுமுன் இரண்டு டாக்டர்களிடமும் சொல்லுங்கள். அதிக ரத்தப்போக்கு இருந்தாலும், மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழித்துத் திரும்ப ரத்தம் பட்டாலும், எண்ணெய்க் கிண்ணியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலும் அஜீரணமும் உள்ள நாளில் எண்ணெய்க் குளியல் கிடையாது என்று ஆயுர்வேதமே சொல்கிறது.

செலவைக் கேட்டால், முழு உடம்புக்கு ஒரு தடவை 50 மில்லி. வாரம் இரண்டு நாளும், ராத்திரிப் பாதத்துக்கும் சேர்த்து மாதம் ஒரு லிட்டர் எண்ணெய் போகிறது, அத்தைக்கும் அதிலேயே. எண்ணெய் போகப் பாசிப்பயறு மாவு, தலைக்குச் சீயக்காய். தலையணை உறை பாழாகும், பழைய பருத்திச் சேலையைக் கிழித்து விரித்துக்கொள்ளலாம். குளியலறைச் சாக்கடையில் வாரம் ஒருமுறை கொதிநீர் ஊற்றாவிட்டால் எண்ணெயும் மாவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

ஞாயிறு காலையில் உளுந்தங்களி கிண்டுகிறேன், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் தாராளமாக விட்டு. அது டாக்டர் பட்டியலில் இல்லை, அத்தையின் பட்டியல். இந்த ஆனியில் சாரல் காற்று பாளையங்கோட்டை வரைக்கும் வந்ததும் தேங்காயெண்ணெயை எடுத்து வைத்துவிட்டு நல்லெண்ணெய்க்குத் திரும்பிவிட்டோம். போன மாதம் காலண்டரில் ஐந்து புள்ளி.