இந்தியன் கானூன்: க்ரைம் செய்தி எழுதுகிறவர்கள் போனில் இருக்க வேண்டிய தளம்

அந்த வக்கீல் நோட்டீஸ் ஒரு வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் வந்தது. இரண்டரைப் பக்கம். நாங்கள் போட்ட செய்தியோ எட்டே வரி. ‘பைக் திருட்டு: இருவர் சிக்கினர்’ என்று தலைப்பு, ஐந்தாம் பக்கத்தில் கீழ் மூலையில் ஒற்றைக் காலம், அதாவது ஒரு பத்தி அகலம்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் டெஸ்க்கில் இருக்கிறேன், 14 வருஷமாக. நிருபர்கள் அனுப்பும் க்ரைம் செய்திகள் என் கை வழியாகத்தான் பக்கத்துக்குப் போகும். அந்த எட்டு வரியையும் நான்தான் பார்த்து அனுப்பினேன். கைதான இருவரில் ஒருவரின் பெயரையும் வயதையும் ஸ்டேஷனில் சரியாகவே கொடுத்திருந்தார்கள். “எந்தத் தெரு, என்ன வேலை?” என்று போனில் கேட்டது நான். நிருபர் அக்கம்பக்கத்தில் விசாரித்து, தெருப் பெயரையும் ‘வெல்டிங் தொழிலாளி’ என்பதையும் சேர்த்துக் கொடுத்தார். அந்தத் தெருவில் அதே பெயரில் ஒரு வெல்டர் இருந்தார். கைதானவர் அவரில்லை.

10 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு, முதல் பக்கத்தில் மன்னிப்பு, 15 நாள் கெடு. அலுவலக வக்கீல் “நான் பார்த்துக்கறேன்மா, நீங்க கவலைப்படாதீங்க” என்றார். நல்ல மனிதர். ஆனால் நான் செய்த தப்பு சட்டப்படி எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரிய வேண்டும் போலிருந்தது. எடிஷன் முடித்து வீட்டுக்குப் போய் ராத்திரி ஒன்றரை மணிக்கு இந்தியன் கானூன் தளத்தைத் திறந்தேன். மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அது இல்லாமல் வேலை ஓடாது என்ற நிலை. அதனால்தான் இந்த விமர்சனம், குறிப்பாக மாவட்ட, தாலுகா நிருபர்களுக்காக.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் 2008இல் தொடங்கிய தேடுதளம் இது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், பல தீர்ப்பாயங்கள் ஆகியவற்றின் தீர்ப்புகளும் சட்டப் பிரிவுகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. படிக்கக் காசு கிடையாது. பார்க்க மொட்டையாக இருக்கும். ஒரு தேடல் பெட்டி, அவ்வளவுதான். வேகம் குறைந்த போனிலும் திறக்கும் என்பதால் அந்த மொட்டைத்தனம் எனக்குப் பிடிக்கும்.

முதலில் படித்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, அவதூறு. அதற்குப் பத்து விதிவிலக்குகள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து “உண்மையை எழுதினால் கேஸ் நிற்காது” என்று சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் விதிவிலக்கைப் படித்தால் அது பாதிதான் சரி: உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதை வெளியிடுவது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். நான்காம் விதிவிலக்கு எங்களுக்கென்றே எழுதியது போல இருந்தது. நீதிமன்ற நடவடிக்கையை, அதன் முடிவை, சாராம்சத்தில் உண்மையாக வெளியிட்டால் அவதூறு ஆகாது. நீதிமன்ற நடவடிக்கை. ஸ்டேஷன் வாசலில் ஏட்டு சொன்னது அதில் வராது. நாங்கள் போடும் க்ரைம் செய்திகளில் பெரும்பகுதி ஸ்டேஷன் வாசலில் கிடைப்பதுதானே? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போனது அங்கேதான்.

தளத்தின் உண்மையான பலம் இணைப்புகளில் இருக்கிறது. ஒரு தீர்ப்பைத் திறந்தால் அது மேற்கோள் காட்டிய தீர்ப்புகளும், பிற்பாடு அதை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளும் தட்டினால் வரும். அப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் போனதில் எனக்கு நேர்ந்ததை அச்சு அசலாக இரண்டு இடத்தில் பார்த்தேன்.

ஒன்று, இங்கிலாந்தில் 1940இல் தீர்ப்பான நியூஸ்டெட் வழக்கு. கேம்பர்வெல் பகுதியைச் சேர்ந்த ஹெரால்ட் நியூஸ்டெட் என்பவர் இருதார வழக்கில் தண்டனை பெற்றார் என்று லண்டன் பத்திரிகை ஒன்று செய்தி போட்டது. செய்தி உண்மை, தண்டனை பெற்றவர் மதுக்கடை ஊழியர். ஆனால் அதே பகுதியில் அதே பெயரில் ஒரு முடிதிருத்துநர் இருந்தார். அவர் வழக்குப் போட்டார். ஒருவரைப் பற்றி உண்மையாக இருந்தாலும், அதே பெயருள்ள இன்னொருவரைத்தான் சொல்கிறது என்று நியாயமான வாசகர் எடுத்துக்கொண்டால் பத்திரிகை பொறுப்பு என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஜூரி கொடுத்த நஷ்ட ஈடு ஒரு ஃபார்திங், அதாவது பென்னியில் கால்வாசி. தொகையை விடுங்கள். அங்கே தொழிலையும் முகவரியையும் போடாமல் விட்டதால் ஆள் குழம்பினார்கள். நான் அதையெல்லாம் கேட்டுச் சேர்த்து, சம்பந்தமே இல்லாத ஒருவரைக் கைகாட்டிவிட்டேன்.

இன்னொன்று நம்ம ஊர். திருநெல்வேலியிலிருந்து இலங்கைக்கு ஊதுபத்தி அனுப்பும் ஒருவர் கடத்தல் வழக்கில் கைதானதாகத் தினமலரில் செய்தி வந்தது. அந்த வியாபாரத்தில் இருந்த ஒருவர், இதைப் படிப்பவர்கள் என்னைத்தானே நினைப்பார்கள் என்று கோர்ட்டுக்குப் போனார். சென்னை உயர் நீதிமன்றத்தின் 1971 தீர்ப்பு. நியூஸ்டெட் போன்ற ஆங்கிலேய வழக்குகளை நீதிபதிகள் எடுத்து அலசுகிறார்கள். இந்த வழக்குக்கு இணையத்தில் கிடைக்கும் சுருக்கங்களைப் பாருங்கள், சில பத்திரிகை ஜெயித்தது என்கின்றன, சில தோற்றது என்கின்றன. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போல. முழுத் தீர்ப்பு காசில்லாமல் கிடைக்கிறபோது சுருக்கத்தை நம்பி ஏன் எழுத வேண்டும்? இரண்டு வரியாக்கி நானும் இங்கே இன்னொரு சுருக்கம் சேர்க்கவில்லை. திறந்து படியுங்கள்.

அப்புறம் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் போட்ட வழக்கு. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிட இருந்தபோது, அது வரக்கூடாது என்று சிறைத் துறைத் தலைவர் 1994 ஜூனில் கடிதம் எழுதினார். அதே வருஷம் அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். வெளிவந்த பிறகுதான் வழக்கு. பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதி இல்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் போனால் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை ஆவணத்தில் இருந்தாலும் போடக்கூடாது. க்ரைம் டெஸ்க்குக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குத் தெரியாது. இப்படி நீளமான தீர்ப்புகளுக்குத் தளத்தில் ஒரு வசதி உண்டு: சம்பவம், வாதம், நீதிமன்றத்தின் காரணம், முடிவு என்று பத்திகளை வண்ணம் பிரித்துக் காட்டும். எல்லா இடத்திலும் கச்சிதமாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், ஆனால் 40 பக்கத்தில் எங்கே நிதானிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தொகையைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2008இல் டைம்ஸ் நவ், காஜியாபாத் வருங்கால வைப்பு நிதி மோசடிச் செய்தியில் நீதிபதி பி.கே. சமந்தாவின் படத்துக்குப் பதில், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைக் காட்டியது. பெயர் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டதால் வந்த வினை. சுமார் 15 விநாடிதான் படம் ஓடியது. புணே நீதிமன்றம் 2011இல் விதித்த நஷ்ட ஈடு 100 கோடி ரூபாய். மேல்முறையீட்டைக் கேட்க, 20 கோடியைக் கட்டி 80 கோடிக்கு வங்கி உத்தரவாதமும் கொடுக்கச் சொன்னது மும்பை உயர் நீதிமன்றம். அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அந்தத் தொகை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சின்னப் பத்திரிகையிடம் அதில் பத்தில் ஒரு பங்கைக் கேட்டாலே அது மூடிவிடும். ஆனால் படத்தை ஒருமுறை சரிபார்க்க ஆகும் நேரம் இரண்டு நிமிஷம்.

எங்கள் வெல்டர் நோட்டீஸோடு நிற்கவில்லை, அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். செய்தியைக் கத்தரித்து லேமினேட் செய்து வைத்திருந்தார். பிளாஸ்டிக்குக்குள் எட்டு வரி, அவர் பெயருக்குக் கீழே நீலப் பேனாவில் கோடு. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாதான், “ஏம்மா, நீங்க போட்டது நாலு பேரு டீக்கடையில படிச்சாச்சு. இனி எம்புள்ள இல்லன்னு வீடு வீடா நான் போய்ச் சொல்லவா?” என்றார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அதே ஐந்தாம் பக்கத்தில், அதே மூலையில் இல்லாமல் மேலே, இரட்டைக் காலத்தில் திருத்தம் போட்டோம். அவர் பத்துப் பிரதி கேட்டு வாங்கிப் போனார். வழக்கு வரவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான். தமிழில் மட்டும் படித்துப் பழகிய பகுதி நேர நிருபருக்குச் சிரமம். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து படித்துச் சொன்னால் ஒழிய முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் அவதூறு இப்போது 356ஆம் பிரிவு. பழைய தீர்ப்புகளெல்லாம் 499, அதற்கான தண்டனைப் பிரிவு 500 என்றே இருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். இரண்டு சொல்லும் சேர்ந்து வர வேண்டுமென்றால் நடுவில் ‘ஏஎன்டிடி’, இரண்டு டி, என்று ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் பல பேர் குப்பையாக முடிவுகள் வருகிறது என்கிறார்கள். நம் மாவட்ட நீதிமன்றங்களில் நடக்கும் வழக்கின் நிலவரத்துக்கு இது சரிப்படாது. அதற்கு அரசின் இ-கோர்ட்ஸ் ஆப் இருக்கிறது, வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண் போதும். முக்கியமாக, நோட்டீஸ் வந்துவிட்டால் வக்கீல்தான் பதில் எழுத வேண்டும். இங்கே படித்ததை வைத்து நீங்களே எழுதாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் நீங்கலாக, என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டதும் இங்கே படித்துத்தான் எனக்குத் தெரியும். இப்போது எங்கள் டெஸ்க்கில் எஃப்.ஐ.ஆர். எண் இல்லாமல் கைதானவரின் தெருவும் தொழிலும் பக்கத்துக்குப் போகாது. போட்டிப் பத்திரிகையில் வந்துவிடும் என்று நிருபர்கள் சண்டை போடுவார்கள். வரட்டும்.

தளத்தைப் பற்றி எனக்கு முழு சம்மதம் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. விடுதலையானவரின் பெயரும் தீர்ப்பில் அப்படியே நிற்கும், தேடினால் வரும். பாலியல் வழக்கில் விடுதலையான ஒருவர் இதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அவர் பக்கம் நின்று, அந்தத் தீர்ப்பை நீக்கும்படி இந்தியன் கானூனுக்குச் சொன்னது. தளம் உச்ச நீதிமன்றம் போக, ஜூலையில் அதற்குத் தடை கிடைத்தது. தீர்ப்பு பொது ஆவணம், மறைக்கக்கூடாது என்ற அவர்கள் வாதம் எனக்குப் புரிகிறது, அந்த வெளிப்படைத்தன்மையால்தான் நான் கற்றுக்கொண்டேன். அந்த மனிதரின் வேதனையும் புரிகிறது. ஆனால் தளத்திலாவது விடுதலை என்று கடைசிப் பத்தியில் இருக்கிறது. எங்களைப் போன்ற பத்திரிகைகளின் பழைய இணையப் பக்கங்களில் கைது மட்டும்தான் இருக்கிறது.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கொண்டுவந்தால், பழைய செய்தியின் தலைப்புக்கு நேர் கீழே ‘இவர் இவ்வழக்கில் விடுதலை செய்யப்பட்டார்’ என்று தேதியோடு ஒரு வரி சேர்ப்பதாக முடிவாகி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை மூன்று பேர் வந்தார்கள். மூன்றாமவரின் செய்தி ஒன்பது வருஷம் பழசு. தீர்ப்பு நகல் கையில் இல்லை, வழக்கு எண்ணும் மறந்துவிட்டது, மேல்முறையீட்டில் ஜெயித்ததாக மட்டும் சொன்னார். இந்தியன் கானூனில் அவர் பெயரையும் ஊரையும் போட்டேன், இரண்டாவது முடிவாக வந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே கடைசிப் பத்தியை மட்டும் விரல் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார், தமிழில்.