மணல்மேட்டை வரைய எண்ணெய் வண்ணமா, பாஸ்டலா?

கடலோர மணல்மேடுகளை இம்ப்ரெஷனிச முறையில் (கணநேர ஒளியையும் நிறத்தையும் பிடிக்கும் பாணி), வெட்டவெளியில் நின்றே வரைய விரும்புவோர் பலர் எண்ணெய் வண்ணத்துக்கும், நிறப்பொடியைக் குச்சியாக்கிய உலர் வண்ணமான பாஸ்டலுக்கும் இடையே தயங்குகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் உள்ள லாங் ஐலண்டின் ஷின்னெகாக் மணல்மேடுகளிடையே 1891 முதல் 1902 வரை கோடைக்கால ஓவியப் பள்ளியை நடத்திய அமெரிக்க ஓவியர் வில்லியம் மெரிட் சேஸ் இரண்டையுமே கையாண்டவர்.

வேகம்: பாஸ்டல் உலரக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், மேகம் நகர்ந்து மணலின் நிழல் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறுவதற்குள் அந்நிறத்தைப் பிடித்துவிடலாம்.
எண்ணெய் வண்ணம் உலரப் பல நாட்கள் ஆகும். ஆனால் ஈரத்தின்மேல் ஈரமாகத் தீட்டும்போது கிடைக்கும் குழைவு அதற்கே உரியது.

காற்று: என் பார்வையில் முக்கியமான அளவுகோல் இதுதான். 1870இல் பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியர் மோனே பிரான்ஸின் ட்ரூவீல் கடற்கரையில் வரைந்த, இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ஓவியத்தின் வண்ணப்பூச்சில் மணல் துகள்கள் இன்றும் ஒட்டியிருக்கின்றன. எண்ணெய் வண்ணம் மணலைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. அது அழகான சாட்சியமும்கூட.
பாஸ்டலோ ஒரு துளி கடற்சாரலிலேயே கறைபடும்.

நீடிப்பு: எண்ணெய் காலப்போக்கில் சற்று மஞ்சளிக்கும்.
தரமான பாஸ்டல் மஞ்சளிக்காது. கண்ணாடிச் சட்டம் கட்டாயம்.

செலவு: தொடக்கத்தில் பாஸ்டலுக்குக் குறைவு, சட்டத்தில் அது கூடிவிடும்.

மாறும் ஒளியைக் குறித்துக்கொள்ளும் பயிற்சிக்குப் பாஸ்டலையும், காற்று பலமாக வீசும் இடத்தில் புல், மணல் ஆகியவற்றின் தடித்த மேற்பரப்பை எழுப்ப நினைப்பவர்கள் எண்ணெய் வண்ணத்தையும் தேர்ந்தெடுப்பதே பொருத்தம்.